மனச்சோர்வு வினாப்படிவத் தழுவல்

மனச்சோர்வு வினாப்படிவத் தழுவல் என்பது ஒரு மொழியில் உருவான மனச்சோர்வு வினாப்படிவத்தை வேறு மொழியும் பண்பாடும் கொண்ட மக்களுக்கு ஏற்ப மாற்றி, அம்மக்களிடமே சோதித்துப் பார்க்கும் பணியாகும். மொழிபெயர்ப்பு இதன் முதற்படி மட்டுமே. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வீட்டுமொழிகளாக வழங்கும் ஒசூர்ப் பகுதியில் இப்பணியின் சிக்கல்களைத் தெளிவாகக் காணலாம்.

சொற்களும் அறிகுறிகளும்

தமிழ் நாளிதழ்களில் "மன அழுத்தம்" என்னும் தொடர் அன்றாட நெருக்கடியையும் நோயையும் ஒருங்கே குறிக்கிறது. "சோர்வு" என்றாலோ பலருக்கும் உடல் அசதியே நினைவுக்கு வரும். இரவுப்பணி முடித்து வரும் தொழிற்சாலைப் பணியாளரிடம் "சோர்வாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா" என்று கேட்டால், நோய் இல்லாதவரும் "ஆம்" என்பார். எனவே படிவத்தை வேறொருவர் மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிடும் முறை சொற்பிழைகளைக் காட்டுமே தவிர, இத்தகைய பிழைகளைக் காட்டாது.

எடின்பரோ அளவுகோல்

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய, காக்சு, ஓல்டன், சகோவ்சுகி ஆகியோர் 1987 இல் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டனர். கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 வினாக்கள் இதில் உள்ளன. மொத்த மதிப்பெண் 30. பொறுப்புகள் தலைக்கு மேல் ஏறிவிட்டன என்னும் பொருள்பட அமைந்த 6 ஆவது வினா ஓர் ஆங்கில மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது பொருளற்றுப் போகும்.

இதன் தமிழ் வடிவத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் உளமருத்துவ நேர்காணலுடன் ஒப்பிட்டு, முடிவை 2005 இல் வெளியிட்டனர். 9 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண்ணே பொருத்தமான வெட்டுப்புள்ளி எனக் கண்டனர். அந்த அளவில் நோயுற்றோரில் 94.1 விழுக்காட்டினர் சரியாக இனங்காணப்பட்டனர். ஆங்கிலப் படிவத்துக்கு வழக்கமான 13 ஐ அப்படியே கொண்டிருந்தால் நோயுற்ற தாய்மார் சிலர் விடுபட்டிருப்பர். ஆனால் கருநாடகத்தின் ஊரகக் கருவுற்ற பெண்களிடம் நடத்தி 2011 இல் வெளியான ஆய்வில் 13 பொருத்தமாக அமைந்தது. ஒன்று மகப்பேற்றுக்குப் பின், மற்றது முன் என்பதால் வேறுபாட்டை மொழியின்மீது மட்டும் சுமத்த இயலாது.

தற்கொலை எண்ணம் பற்றிய 10 ஆவது வினா தனித்தன்மை உடையது. அதற்கு "ஆம்" என்றால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாயினும் அப்பெண்ணை உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். கூச்சம் கருதி அவ்வினாவை மழுப்பி மொழிபெயர்ப்பது ஆபத்தானது.

மறைக்கப்படும் துயரம்

ஒசூர்ச் சாலையில் அமைந்துள்ள பெங்களூர் நிமான்சு நிறுவனத்தில் இரகுராம் முதலியோர் செய்து 1996 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்தவர்கள் மிகுதியான இழிவுணர்வையும், உடல் அறிகுறிகள் மிகுந்தவர்கள் குறைவான இழிவுணர்வையும் தெரிவித்தனர். உடல்வலி எவருக்கும் வரக்கூடியது என்பதால் அதைச் சொல்வது எளிதாகிறது. மாமியார் அருகிலிருக்க வினாப்படிவம் வாசிக்கப்பட்டால் கிடைக்கும் விடையையும் இவ்வாறே கொள்ள வேண்டும்.

ஒசூர்ப் பகுதியில்

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கு உள்ளனர். இவர்களுக்கு எழுத்துமொழி ஒன்று, துயரத்தைச் சொல்லும் மொழி வேறு. தமிழ்ப் படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் செய்வதைவிட, வீட்டுமொழியில் தனியிடத்தில் வாசித்துக் கேட்பது பொருத்தமாகும். ஆனால் வேலூரின் வெட்டுப்புள்ளி எழுத்துத் தமிழ் வடிவத்துக்கு உரியது. வாசிப்பவர் அவ்வப்போது தம் சொற்களில் பெயர்த்துச் சொல்லும் தெலுங்குக்கு அது தானாகப் பொருந்திவிடாது.