துறைமுகக் கிளார்க்கும் இரண்டு வருட உதவித்தொகையும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.எஸ்சி. கணிதம் முடித்தவள். நம் காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் ஆபீசில் வேலை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்ட உதவியாளர் வேலைக்கு அறிவிப்பு வந்திருக்கிறதாம், இரண்டு வருடத்துக்கு மட்டும். "இருக்கிற வேலையை விட்டுட்டுப் போகலாமா சார்? வீட்ல பயப்படுறாங்க" என்றாள்.

அவளுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு கிளார்க் வேலை விண்ணப்பம் போனது. எழுதியவர் மெட்ரிகுலேஷன் தேறியவர், எஃப்.ஏ. தேறவில்லை. விண்ணப்பத்தோடு பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் இணைத்திருந்தார். மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக இருந்தார். 1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் கணக்குகளை அவருக்குக் காட்டினார்கள். மறுநாளே அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். பட்டமே இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா என்ற கேள்வி வந்தது. கணிதப் பாடக்குழு பரிந்துரைத்தது. ஏப்ரலில் சிண்டிகேட் ஒப்புக்கொண்டது. மாதம் 75 ரூபாய், இரண்டே வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

பிள்ளைகளே, எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் அவர் போன வழியைக் கவனியுங்கள். திறமை மட்டும் போதவில்லை. விண்ணப்பம் எழுதினார், தெரிந்தவர்களிடம் வேலையைக் காட்டினார், சிபாரிசு கேட்கக் கூச்சப்படவில்லை.

இன்றும் அதே வழிதான். திட்ட உதவியாளர் வேலைக்குப் பல்கலைக்கழக இணையதளத்தையும் துறையின் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். அந்தத் திட்டத்தை நடத்தும் பேராசிரியருக்கு நேரே எழுதுங்கள். முதுநிலை முடித்தவர்கள் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் உதவித்தொகை உண்டு. ஆய்வகம், நூலகம், அலுவலகம் என ஆராய்ச்சிக்குத் துணைநிற்கும் வேலைகளும் இருக்கின்றன.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமாவோடு நின்றவன் நான். கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது செனட் ஹவுஸைப் பார்த்திருக்கிறேன். அது நமக்கான இடமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. இந்தப் பெண் அப்படி முடிவு செய்துவிடக் கூடாது.

இரண்டு வருடம் கழித்து என்ன என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. 1913-இல் ராமானுஜனிடமும் இருந்திருக்காது. விண்ணப்பத்தை மட்டும் இருவரும் உட்கார்ந்து எழுதி முடித்தோம்.

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எனக்குப் போன் செய்யுங்கள். அவளுக்கு நேர்காணல் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது.