வளவும் அணிலும்: கல்முனைக் கரையோர ஊர்களில் அணில் கட்டுப்பாடு கடந்துவந்த பாதை

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு வளவில் காய்கனி தின்னும் அணிலை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையான அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களை மையமாக வைத்து, சங்கப் பாடல் தொட்டு 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை அந்த விடைகள் மாறிய விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அணிலின் தலையை எண்ணிக் குறைக்க முயன்ற வழிகள் நிலைத்த பயன் தரவில்லை. பழத்தை அது எட்டும் வழியை அடைத்த முறைகளே மரத்தையும் காத்தன, மனச்சான்றையும் காத்தன என்பது இதன் முடிபு.

1. முன்னுரை

குறுந்தொகையின் 41ஆம் பாடலில் வரும் ஒரு தொடரே அதைப் பாடிய புலவருக்குப் பெயராகிவிட்டது: அணிலாடு முன்றிலார். தலைவன் பிரிந்த பின் தன் நிலை எப்படியிருக்கிறது என்று சொல்லவந்த தலைவி, மக்கள் விட்டுப்போன பாலைநிலச் சிற்றூரில் அணில் விளையாடிக்கொண்டிருக்கும் வெறும் வீட்டை உவமையாக்குகிறாள். அங்கே அணில், ஆளில்லாமையின் அடையாளம். பல நூற்றாண்டுகளின் பின் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் அதே அணில், கடலை அடைக்கும் பணியில் குரங்குகளோடு தானும் சேர்ந்துகொண்ட அடியாராகிறது. ஒரே உயிர், ஒரு நூலில் வெறுமையின் குறி, இன்னொன்றில் பக்தியின் குறி.

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அணிலுக்கு மூன்றாவது ஓர் இடம் உண்டு. இங்கே அது ஆளுள்ள வீட்டின் பங்காளி. மதிலில் ஓடி, பீலியில் இறங்கி, கொய்யா பழுக்கும் நாளை வீட்டுக்காரருக்கு முன்பே அறிந்துகொள்ளும். கடித்த மாதுளையும் துளைத்த ஜம்புக்காயும் விடியலில் நிலத்தில் கிடக்கும்போது எழும் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் எந்தக் கையால் எந்தக் கருவியை எடுக்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் வரலாறு.

2. எந்த அணில்?

முதலில் பெயரைத் தெளிவாக்க வேண்டும். நம் வளவுகளில் ஓடுவது முதுகில் மூன்று வெள்ளைக் கோடுள்ள சாதாரண அணில். லின்னேயஸ் 1766இல் இதற்கு அறிவியற் பெயரிட்டார். இன்று அது ஃபுனாம்புலஸ் பால்மாரம். ஏறத்தாழ 34 நாள் கருச்சுமந்து இரண்டு மூன்று குட்டி ஈனும். தும்பும் பஞ்சும் புல்லும் சேர்த்து, ஓலைக்குள்ளோ ஓட்டுக்கடியிலோ கூடு கட்டும். பழத்தோடு பூந்தேனையும் பூச்சிகளையும் உண்ணும். தேன் குடிக்கும்போது மகரந்தத்தையும் சுமக்கும்.

சாம்பல் நிறமும் நீண்ட வாலுமுள்ள பெரிய அணில் வேறு. இலங்கைத் தமிழில் அது மர அணில், சிங்களத்தில் தண்டுலேனா. இதன் உலர்வலயத் துணையினத்துக்கு அறிவியலாளர் இட்ட பெயரே 'தண்டொலேனா' என்பதுதான். கல்லோயாப் பக்கத்துக் காடு இதற்குப் பொருந்தும். கரையோர மணல் ஊர்களின் சிறு வளவு பொருந்தாது. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இதே இனத்தைக் காக்கவே 1988இல் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் உருவானது. பாக்கு நீரிணைக்கு அப்பால் சரணாலயம் பெற்ற உயிர், இப்பால் தென்னைக்குப் பகையென்று எண்ணப்படுகிறது. ஓர் உயிர் தீங்கானதா என்பதை அதன் இயல்பு மட்டும் முடிவுசெய்வதில்லை. எந்த மரத்தில், யாருடைய பிழைப்பின்மேல் அது வாய்வைக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

3. சட்டத்தின் கண்ணில் அணில்

பிரித்தானியர் காலத்து முதல் வனவிலங்குச் சட்டங்கள் யானை, எருமை, மான் போன்ற வேட்டை விலங்குகளைக் கருதியே எழுந்தன. 1894இல் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் நோக்கமும் அதுவே. வேட்டைக்காரருக்குப் பெருமை தராத அணில் அந்தக் கவலைக்குள் வரவில்லை. அதைப் பற்றிய அறிவு இயற்கையியலாளர்களின் நூல்களில் வளர்ந்தது: 1852இல் கெலார்ட் வெளியிட்ட இலங்கை விலங்குகளின் தொகுப்பும், 1935இல் தேயிலைத் தோட்டக்காரரான பிலிப்ஸ் எழுதிய பாலூட்டிகள் கைநூலும் அந்த வழியின் இரு மைல்கற்கள்.

இதற்கிடையே 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் பாதுகாப்பு வீட்டு விலங்குக்கும் பிடிபட்ட விலங்குக்கும் உரியது. தண்டப்பணம் 100 ரூபாவைத் தாண்டாது என்பதால் அதை இன்று பலரும் மதிப்பதில்லை. ஆனால் 'பிடிபட்ட விலங்கு' என்ற கருத்தில் ஓர் ஆழமான நீதி இருக்கிறது. மரத்தில் ஓடும் அணிலுக்கு நாம் அயலார். கூட்டுப்பொறியின் கதவு விழுந்த நொடியில் அதன் பசிக்கும் தாகத்துக்கும் வெயிலுக்கும் நாம் பொறுப்பாளி. பொறியை வைத்துவிட்டு வெளியூர் போனவர் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்பை மேலும் விரித்தன. தன் வளவுக்குள் வந்த காட்டுயிர் தன் விருப்பத்துக்குரியது என்ற பழைய எண்ணத்துக்குரிய இடத்தை இந்தச் சட்டவரிசை சுருக்கியது.

4. தலைக்கு விலை வைத்த நாடு

அதே 1937இல், நம்மை ஆட்சி செய்த பிரித்தானியாவில் அணிலைப் பற்றியே தனியாக ஓர் ஆணை பிறந்தது. வட அமெரிக்கச் சாம்பல் அணில்கள் 1876இல் செஷயரின் ஹென்பரி பூங்காவில் அழகுக்காக விடப்பட்டன. அவை பெருகி, நாட்டுக்குரிய செவ்வணிலைப் பின்தள்ளி, இளமரங்களின் பட்டையை உரித்தன. 1937ஆம் ஆண்டின் ஆணை அவற்றை இறக்குமதி செய்வதையும் வளர்ப்பதையும் தடுத்தது. 1950களில் அரசு வால் ஒன்றுக்கு ஒரு சிலிங், பிறகு இரண்டு சிலிங் கொடுத்துப் பார்த்தது. வால்கள் குவிந்தன, அணில் குறையவில்லை. 1958இல் திட்டம் கைவிடப்பட்டது. 1973இல் வார்ஃபரின் நஞ்சுக்கு அனுமதி கிடைத்தது. பின்னாளில் அதுவும் நின்றது. அயர்லாந்தின் நடுப்பகுதியில் பைன் மார்ட்டன் என்ற நீர்நாய்க் குடும்ப விலங்கு மீண்டபோது சாம்பல் அணில் தானாகவே குறைந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த அனுபவத்தை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவர முடியாது. அங்கே அணில் வந்தேறி; இங்கே அது மண்ணின் உயிர். அங்கே அழிப்புக்குச் சூழலியல் காரணமொன்று உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஆனால் ஒரு பாடம் பொது: அணில் எடுக்கப்பட்ட இடம் வெறுமையாகக் கிடக்காது. உணவும் கூடும் உள்ள வளவுக்கு அடுத்த வளவு அணில் வந்து சேரும். பிடித்ததை வேறிடத்தில் விடுவதும் தீர்வல்ல. நம் அணிலின் உறவான ஐந்துகோட்டு அணில், 1898இல் பேர்த் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து விடப்பட்டு, மேற்கு அவுஸ்திரேலியாவில் இன்றும் வாழ்கிறது. பிடித்த அணிலைத் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுவது இரக்கம்போலத் தோன்றும். புதிய இடத்தில் கூடும் எல்லையும் தெரியாத அணிலுக்கு அது பெரும்பாலும் மெதுவான சாவு. அந்த இடத்துக்கோ புதிய தொல்லை.

5. சுருங்கிய வளவு

நம் பக்கத்தில் மாறியது அணிலைவிட வளவுதான். அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, கிழக்குக் கரையின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும் வழக்கத்தை விரிவாகப் பதிவுசெய்தார். ஒரு வளவுக்குள் மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு இன்னொரு வீடு என்று எழும்போது, தலைமுறை தோறும் நிலம் துண்டாகும். கிடுகு வேலி போய் மதில் வரும். ஐந்து மாமரம் நின்ற இடத்தில் ஒன்று மிஞ்சும்.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேற்பட்டோர். கடலோர வளவுகள் மரத்தோடு போயின. பிறகு எழுந்த வீடுகள் நெருக்கமானவை, கொங்கிறீற்றாலானவை, பல இடங்களில் மாடியோடு கூடியவை.

இந்த இரு மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால் அணில் தொல்லையின் காரணம் புலப்படும் என்பது இக்கட்டுரையின் வாதம். முன்பு பல மரங்களில் பரவியிருந்த பசி இன்று ஒற்றை மரத்தில் இறங்குகிறது. மதிலும் மின்கம்பியும் பீலியும் மரத்துக்கு மரம் பாலமாகின்றன. கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடாகிறது. அணில் பெருகிவிட்டது என்று நாம் சொல்லுமிடத்தில், மரம் குறைந்துவிட்டது என்பதே பல வேளை உண்மை.

6. கெட்டப்போலிலிருந்து நஞ்சுக்கு

பழைய கட்டுப்பாடு கைக்கெட்டிய பொருள்களால் ஆனது: தகரத்தைத் தட்டுதல், கல்லெறிதல், பிள்ளைகளின் கெட்டப்போல். கெட்டப்போலின் கல் அணிலைப் பெரும்பாலும் கொல்வதில்லை. தாடை உடைந்தோ இடுப்பு முறிந்தோ கூட்டுக்குள் போய்க் கிடக்கச் செய்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத வலி அது.

பசுமைப் புரட்சியோடு நஞ்சு வீட்டுக்குள் வந்தது. வயலுக்கு வாங்கிய மருந்து வளவிலும் புகுந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்குக் கடிவாளமிட்டது. 1995இல் மிகக் கொடிய வகை மருந்துகளும், 1998இல் எண்டோசல்பானும் தடுக்கப்பட்டன. தற்கொலைச் சாவுகள் அதன்பின் பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் உறுதிசெய்தன. பயிருக்கென்று வீட்டில் வைத்த நஞ்சு முதலில் மனிதரையே தேடியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. எலிக்கென்று வைத்த நஞ்சுருண்டையை அணில் தின்னும். செத்ததைப் பூனை தின்னும், ஆந்தை தின்னும். முற்றத்தில் தவழும் பிள்ளையின் கையும் அங்கே எட்டும்.

இலக்குத் தவறும் கருவியின் கொடுமையை இம்மாவட்டம் நன்கறியும். காட்டுப்பன்றிக்கென்று இரைக்குள் மறைத்த 'ஹக்கபட்டாஸ்' வெடி, யானைக் கன்றுகளின் வாயைச் சிதைக்கிறது. அளவு வேறு, தவறு ஒன்றே.

7. எண்ணும் காலம்

பயிர்ச்சேதத்துக்குத் தீர்வென்று 2023இல் 1 இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன, அது நிறைவேறவில்லை. 2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் 8.05 வரை, நாடெங்கும் மக்கள் தத்தம் வளவிலும் வயலிலும் கண்ட குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிக் கொடுத்தனர். ஐந்து நிமிட எண்ணிக்கையின் துல்லியம் பற்றி விவாதம் உண்டு. என்றாலும் விவசாயியின் இழப்பை நாடு காதுகொடுத்துக் கேட்ட தருணம் அது. அடுத்த படி தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், இழப்பு எந்த மரத்தில், எந்த மாதத்தில், எந்த வழியாக நேர்கிறது என்பதை எண்ணுவதாக இருக்க வேண்டும்.

8. மார்க்கம் தரும் அளவுகோல்

இவ்வூர்களில் சட்டத்துக்கு முன்பே ஓர் ஒழுங்கு இருந்தது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா, அதாவது தருமம், ஆகும் என்ற கருத்துள்ள ஹதீஸை மத்ரஸாப் பிள்ளையும் அறியும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினிபோட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையும் அப்படியே. உயிருள்ளதை எறிவதற்குக் குறியாக்கலாகாது என்ற தடையும், அறுக்கும்போதுகூட இஹ்ஸானோடு, அதாவது நன்முறையில், அறுக்க வேண்டும் என்ற கட்டளையும் உண்டு. இவை பயிரைக் காக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காக்கும் முறைக்கு வரம்பு வைக்கின்றன. கூட்டுப்பொறியைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமிழ்த்துவதும், ஒட்டுப்பலகையில் தோலுரிய விடுவதும் அந்த வரம்புக்கு வெளியே.

9. பொறுப்பான கட்டுப்பாடு

மேற்சொன்ன வரலாற்றிலிருந்து வீட்டுக்காரர் இன்று எடுக்கக்கூடிய வழிகள் இவை.

தென்னைக்குத் தகரப்பட்டி. ஒரு முழத்துக்குக் குறையாத அகலத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, வழுவழுப்பான தகரத்தைத் தண்டில் சுற்றினால் எலியும் அணிலும் ஏற முடியாது. அயல்மரத்து ஓலையோ கம்பியோ தொடாதவரைதான் இது பலிக்கும்.

காய்க்கு உறை. கொய்யாவையும் மாதுளையையும் காய்ப் பருவத்திலேயே துணிப்பையாலோ கம்பிவலைக் கூட்டாலோ மூடலாம். துணிப்பை பழ ஈயையும் தடுக்கும். ஒரு செலவில் இரண்டு பயன். தளர்ந்த நைலோன் வலையைத் தவிர்க்க வேண்டும். அதில் அணிலும் ஓணானும் குருவியும் சிக்கி, மீளாமல் சாகும்.

நேரத்துக்குப் பறிப்பு. முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலில் பழுக்கவைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். மரத்தில் பழுக்கவிட்டுக் காவல் இருப்பதைவிட இது எளிது. விழுந்த பழத்தையும் கோழித்தீனியையும் அன்றன்று கூட்டி அள்ளினால் அழைப்பும் குறையும்.

கூரையடைப்பு. ஓட்டுக்கடியில் கூடு இருந்தால் உடனே அடைக்கக்கூடாது. உள்ளே குட்டிகள் இருந்தால் அவை பட்டினியில் சாகும். தாய் மரத்தையும் கம்பியையும் பிராண்டும். குட்டிகள் தாமாக ஓடத் தொடங்கும்வரை சில கிழமைகள் பொறுத்து, கூடு வெறுமையானதை உறுதிசெய்துகொண்டு இரும்பு வலையால் அடைக்க வேண்டும்.

இவை எதுவும் ஒரு வளவுக்குள் மட்டும் முழுமையாகாது. மதில் ஒன்று, அணில் ஒன்று. ஆகவே பக்கத்து வீட்டாரோடு பேசிக் கொப்புகளை ஒரே காலத்தில் கவ்வாத்துச் செய்வது நல்லது. மர அணிலோ குரங்கோ பெருந்தொல்லை தந்தால் வனசீவராசிகள் அலுவலகத்தை நாடுவதே முறை.

10. முடிவுரை

துரத்துதல், கொல்லுதல், எண்ணுதல் என்று வந்த பாதை இன்று வளவைத் திருத்துதல் என்ற இடத்தில் நிற்கிறது. இது தோல்வியின் சமரசம் அல்ல. வால்களுக்குச் சிலிங் கொடுத்த நாடும், நஞ்சால் தன் பிள்ளைகளை இழந்த நாடும் கொடுத்த விலையில் கிடைத்த அறிவு.

குறுந்தொகைத் தலைவிக்கு முன்றிலில் ஆடிய அணில் ஆளற்ற வீட்டின் குறியாக இருந்தது. ஆளற்ற வீடு எப்படியிருக்கும் என்பதை 2004இன் பின் இக்கரை கண்ணால் கண்டது. அணிலோடு பழத்துக்குப் போட்டி போடும் வீடு, பழமும் பிள்ளைகளும் உள்ள வீடு. அந்த வீட்டில் கொய்யாவுக்கு உறை கட்டும்போது கைக்கெட்டும் காய்களை மூடிவிட்டு, மேல்கொப்பில் உள்ளவற்றை அப்படியே விட்டுவிடலாம். நட்டவருக்கு ஸதகா அங்கேதான் காய்க்கிறது.