அப்பாவின் பலகைக் கட்டிலும் முதுகு வலியின் வரலாறும்



போன மாதம் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் நான் பாதி நேரம் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்ததைப் பலரும் கவனித்துவிட்டீர்கள். "உட்காருங்க டீச்சர்" என்று நாற்காலி இழுத்துப் போட்டவர்களுக்கு நன்றி. அன்றிலிருந்து என் வாட்ஸப்பில் தினமும் ஒரு வீடியோ வருகிறது. லேசர், ஊசி, ஸ்டெம் செல், மூலிகை எண்ணெய், முதுகில் பொருத்தும் கருவி என்று ஒன்று பாக்கியில்லை. "அத்தை, ஆபரேஷன் எப்போ?" என்று உறவுகள் வேறு கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது என்பதால் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். பதிவு நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்திருந்த பொறுமையில் பாதி இருந்தால் போதும்.

நான்கு வருடமாக எனக்கு இடுப்பு வலி. 33 வருடம் கரும்பலகை முன் நின்றதற்குக் கிடைத்த பரிசு என்று நானே சொல்லிக்கொண்டேன். ஸ்கேனில் இடுப்பு எலும்புகள் இரண்டுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக வந்தது. பார்த்த மருத்துவமனையில் சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். வீட்டில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். நான் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன்.

எந்தச் செய்தி வந்தாலும் "யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த ஆதாரத்தில் சொன்னது" என்று கேட்கச் சொல்லித்தானே உங்களுக்குப் பாடம் நடத்தினேன்? அதே கேள்விகளை என் முதுகுக்கும் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த விடைகளில் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எகிப்து. 1862-இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் லக்ஸரில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் பழைய மருத்துவச் சுவடி அது. தலையில் தொடங்கி 48 நோயாளிகளின் காயங்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. கடைசியாக உள்ள 48-ஆவது, முதுகெலும்புச் சுளுக்கு. காலை நீட்டச் சொல், வலியால் உடனே மடக்கிக்கொள்வான், அவனை மல்லாந்து படுக்க வை என்று சொல்லிவிட்டு, வைத்தியத்தைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் எழுத்து பாதி வாக்கியத்தோடு நின்றுபோகிறது. முதுகு வலியின் வரலாறு முழுவதும் அப்படித்தான் இருக்கிறது.

நம் காலத்துக்கு வருவோம். லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் 1860-களின் தொடக்கத்தில் ஓய்வும் வலியும் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். 1863-இல் அது புத்தகமாக வந்தது. காயப்பட்ட உறுப்புக்கு ஓய்வு கொடுத்தால் இயற்கை தானே குணப்படுத்தும் என்பது அவர் கருத்து. லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் அதையே இன்னும் கண்டிப்பாகச் சொன்னார். உடைந்த எலும்புக்கும் காசநோய் தாக்கிய மூட்டுக்கும் அது நல்ல யோசனைதான். ஆனால் சாதாரண முதுகு வலிக்கும் அதையே நீட்டிவிட்டார்கள். படுக்கை ஒரு மருந்தாகிவிட்டது.

1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க் கிழிந்து நரம்பை அழுத்துவதால்தான் பலருக்குக் காலில் இறங்கும் வலி வருகிறது, அந்தத் துண்டை எடுத்துவிட்டால் வலி போகும் என்று காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு அது. அதற்குப் பிறகு எல்லா முதுகு வலிக்கும் டிஸ்க்கே காரணம் என்ற எண்ணம் பரவியது, ஆபரேஷன்கள் பெருகின.

அமெரிக்க அதிபர் கென்னடியை உங்களுக்குத் தெரியும். 1944 முதல் 1957 வரை அவர் முதுகில் நான்கு முறை கத்தி வைத்தார்கள். 1954-இல் உலோகத் தகடு பொருத்தினார்கள். அதில் தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தானது. சில மாதங்களில் தகட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் 1961-இல் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர் வந்தார். மலையேறுவதில் பேர்போனவர். அவர் கொடுத்தது உடற்பயிற்சி. அதில்தான் அதிபர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

இப்போது என் அப்பாவிடம் வருகிறேன்.

1984, ஐப்பசி மழை. அப்பா குழித்தறி நெசவாளர் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தறிக்குழியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவர். ஒருநாள் பாவு தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சுளுக்கு எடுப்பவர் வந்து பார்த்தார், கேட்கவில்லை. டவுனுக்குக் கூட்டிப் போனோம். ஆறு வாரம் அசையாமல் படுக்க வேண்டும், மெத்தை கூடாது, பலகை மேல் படுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. படித்த பெண் என்ற மிடுக்கு. கட்டிலுக்கு மேல் பலகை போட்டு, நாள்காட்டியில் 42 நாளைக் கட்டம் கட்டினேன். இருபது நாள் ஆனதும் அப்பா, "வலி பரவால்லம்மா, வாசல் வரைக்கும் போய்ட்டு வர்றேனே" என்றார். "டாக்டர் சொன்னா சொன்னதுதான், அசையக் கூடாதுப்பா" என்றேன். "படுத்தே கெடந்தா காலு தறியை மறந்துரும்மா" என்றார். நான் சிரித்தேன்.

ஆறு வாரம் முடிந்து எழுந்தபோது தலை சுற்றியது. தொடை இரண்டும் இளைத்துக் கிடந்தன. தறிக்குழியில் இறங்கியவரை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. மறு வருடம் தறியை விற்றோம். அதற்குப் பிறகு 1997-இல் இறக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என்னைத் தூங்கவிடாத விடை இதுதான். 1986 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ரிச்சர்ட் டியோ என்பவரும் மற்றவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டெக்சாஸில் முதுகு வலியோடு வந்த 203 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை, இன்னொரு பிரிவினருக்கு 7 நாள் படுக்கை என்று சொன்னார்கள். 2 நாள் பிரிவினர் மற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவான நாட்களே வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். மற்றபடி குணமாவதில் வித்தியாசம் இல்லை. 1995-இல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிலரைப் படுக்கச் சொன்னார்கள், சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், சிலரிடம் முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவினர்தான் முதலில் தேறினார்கள்.

இரண்டே வருடம். அப்பாவுக்கு வலி 1984-க்குப் பதில் 1987-இல் வந்திருந்தால்? அந்த ஆய்வு எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்திருக்காது என்பதும் தெரியும். மருத்துவரைக் குறை சொல்லவில்லை, அன்றைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. எழுந்து நடந்திருந்தால் அப்பா நிச்சயம் தறிக்குத் திரும்பியிருப்பார் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தன் உடம்பைப் பற்றி அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அது என் தவறு.

சரி, நீங்கள் அனுப்பும் "புதிய சிகிச்சை" வீடியோக்களுக்கு வருகிறேன். புதியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுவோம் இல்லையா? பப்பாளிப் பாலில் உள்ள பொருளை 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற விஞ்ஞானி முயலுக்கு ஊசியில் ஏற்றினார். விறைத்து நிற்கும் காதுகள் தொங்கிப்போயின. காதின் குருத்தெலும்பு இளகுகிறதென்றால் டிஸ்க்கும் இளகுமே என்று லைமன் ஸ்மித் என்ற மருத்துவர் யோசித்தார். 1960-களில் பப்பாளியிலிருந்து எடுத்த மருந்தை மனிதர்களின் டிஸ்க்குக்குள் செலுத்தினார். 1982-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. கத்தியில்லாத சிகிச்சை என்று கொண்டாடினார்கள். பலருக்குப் பலனும் கிடைத்தது. ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை, மிகச் சிலருக்குக் கால் செயலிழப்பு. 2003-இல் விற்பனை நின்றது.

அடுத்தது சிமெண்ட். முதுகெலும்புக்குள் எலும்புச் சிமெண்டைச் செலுத்தும் முறை 1984-இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கி, எலும்புத் தேய்மானத்தால் நொறுங்கிய முதுகெலும்புகளுக்கும் உலகமெங்கும் பரவியது. 2009-இல் ஆஸ்திரேலியர்களும் அமெரிக்கர்களும் தனித்தனியே சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான சிமெண்ட், மீதிப் பேருக்குப் பாவனை மட்டும். வித்தியாசம் தெரியாமலிருக்க அறையில் சிமெண்ட் வாசனைகூட வர வைத்தார்கள். இரண்டு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது.

முதுகில் பொருத்தும் மின்கருவியின் கதை இன்னும் சுவையானது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது என்றார்கள். முட்டியில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, தொடு உணர்வு போய் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. 1967-இல் நார்மன் ஷீலி அதையே மின்சாரத்தால் செய்ய முயன்று ஒரு நோயாளியின் தண்டுவடத்தில் மின்முனை வைத்தார். இன்றைய கருவிகள் அதன் பேரப்பிள்ளைகள். ஆனால் 2023-இல் கொக்ரேன் அமைப்பு ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, இடுப்பு வலிக்கு இதை ஆராய்ச்சிக்கு வெளியே பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

ஸ்கேன் பற்றியும் சொல்ல வேண்டும். 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 52 சதவீதம் பேருக்கு, டிஸ்க் பிதுங்கல் இருந்தது! எல்லா டிஸ்க்கும் சுத்தமாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். என் ஸ்கேனில் இருப்பது என் வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், என் நரைமுடி போல வயதின் அடையாளமாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் உண்மையிலேயே புதியது எது? மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், முதலில் பட்ட காயம் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கலாம் என்பதுதான். வலி பொய் என்று அர்த்தமில்லை, வலி நிஜம். மணியைச் சரிசெய்ய வேண்டும். 2021-இல் வெளியான கொலராடோ ஆய்வில் நீண்டநாள் முதுகு வலிக்காரர்கள் 151 பேர். வலியைப் பயமின்றிப் புரிந்துகொள்ள நான்கு வாரம் பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம் பேர் வலி இல்லை அல்லது ஏறக்குறைய இல்லை என்றார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான் அப்படிச் சொன்னார்கள். அவர்கள் மிதமான வலிக்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2023-இல் ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம், பயந்து தவிர்த்த அசைவுகளைப் பிசியோதெரபிஸ்ட் துணையோடு மறுபடி பழக வைத்தார்கள். பலன் ஒரு வருடம் நிலைத்தது. 2024-இல் இன்னொன்று. வலி வந்து குணமான 701 பேரில் படிப்படியாக நடைப்பயிற்சிக்குப் பழகியவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். கருவி இல்லை, கத்தி இல்லை, நடை!

2020 கணக்குப்படி உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. அத்தனை பேருக்கும் எட்டும் மருந்து வேண்டுமென்றால் அது இப்படி எளியதாகத்தான் இருக்க முடியும்.

நான் என்ன செய்தேன்? இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டேன். காலில் பலவீனம் இல்லை, அவசரம் இல்லை என்றார். பிறகு நம் பள்ளியில் படித்த ஒருவனிடம் போனேன். சரித்திரத்தில் 38 மார்க் வாங்கியவன், இன்று நல்ல பிசியோதெரபிஸ்ட். "பயப்படாதீங்க டீச்சர், உடையாது, குனிங்க" என்று அதட்டுகிறான். ஐந்து நிமிட நடையில் தொடங்கினேன். மூன்றாவது வாரம் வலி கூடி அழுதுவிட்டேன். விடவில்லை. இப்போது அரை மணி நேரம் நடக்கிறேன். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் தூங்குகிறேன், பேத்தியைத் தூக்குகிறேன்.

ஆபரேஷனே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கொழுந்தனாருக்குக் கால் மரத்து, பாதம் இழுக்க ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்துகொண்டார், நன்றாக நடக்கிறார். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கீழே விழுந்த பிறகு வலி, புற்றுநோய் வந்து போனவர்களுக்குப் புதிய வலி, இவையும் அப்படியே. இந்தப் பதிவைக் காட்டி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. புதிய சிகிச்சை எது வந்தாலும் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வீட்டில் பெரியவர் "கொஞ்சம் எழுந்து வாசல் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்றால், கை கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

நாளை அப்பாவின் நினைவு நாள். காலை ஆறு மணிக்குக் கண்மாய்க் கரையில் நடப்பேன். ஊரில் இருப்பவர்கள் வாருங்கள், சேர்ந்து நடப்போம்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்