கேவலாதேவ் ஈரநிலம், பரத்பூர்

ராஜஸ்தானின் பரத்பூர் நகரையொட்டி, ஏறத்தாழ 29 சதுர கி.மீ. பரப்பில் அமைந்த நன்னீர்ச் சதுப்பு நிலம். இயற்கை தந்த தாழ்நிலத்தில் பரத்பூர் மன்னர்கள் நீர் தேக்கி, வாத்து வேட்டைக்காக வளர்த்தெடுத்த இடம் இது. 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதைப் பெருமையாகக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். 1981இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும், 1985இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

சிக்கல் பாதுகாப்போடு சேர்ந்தே வந்தது. 1982இல் கேவலாதேவ் தேசியப் பூங்காவான இந்த ஈரநிலத்துக்குள் மாடு மேய்க்கத் தடை விதிக்கப்பட்டது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்க்க, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எருமைகள் வெளியேறியதும், அவை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த பாஸ்பாலம் புல் நீர்ப்பரப்பில் மண்டியது. பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. எருமை மேய்ச்சல் இந்த ஈரநிலத்துக்கு உதவியது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வே பின்னர் காட்டியது.

1990இல் ஆபத்திலுள்ள ராம்சார் தலங்களுக்கான மாந்த்ரோ பதிவேட்டில் இதன் பெயர் ஏறியது.

அடுத்தது தண்ணீர்ச் சண்டை. அஜான் அணைக்கட்டு வழியே வந்த கம்பீர் ஆற்று நீரை, மேலே கட்டிய பாஞ்சனா அணை மறித்தது. அணைநீர் வயலுக்கா, பூங்காவுக்கா என்ற கேள்வி தேர்தல் அரசியலாகவே மாறியது. இப்போது கோவர்தன் வடிகாலும் சம்பல் ஆற்றுக் குழாயும் ஓரளவு கைகொடுக்கின்றன. தமிழகக் கண்மாய்களுக்குப் பழக்கமான சீமைக்கருவேலம் இங்கும் தொல்லைதான். அதை வெட்டி விறகாக எடுத்துக்கொள்ள ஊர்மக்களுக்கே வாய்ப்பளித்து அகற்றினார்கள்.