முப்பத்திரண்டு வீடு, ஒரே வசனம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வரும்போது கையில் வாக்குத்தத்த அட்டை இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் நம்ம பக்கம் குறைவு. தட்டில் குவித்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுக்கணும். "உனக்கு என்ன வசனம் வந்துச்சு?" என்ற விசாரணை கோயில் வாசலிலேயே ஆரம்பமாகிவிடும். அந்த அட்டைகளை உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாமே ஆசீர்வாத வசனம்தான். "உன்னை விருத்தியாக்குவேன்" ரகம். திட்டு விழுகிற வசனம் யாருக்குமே வருவதில்லை :-)

தினம் ஒரு வசனம் எடுத்து அதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடப்பது என்ற பழக்கத்தின் வரலாற்றைத் தேடிப் போனால், ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் சாக்சனியில் இருக்கிற ஹெர்ன்ஹட் என்ற குட்டி ஊருக்குப் போய்ச் சேரலாம். அங்கே 1728-ல் தொடங்கிய ஒரு சின்ன வேலை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஊரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மொரேவியாவில் ஜான் ஹஸ் வழியில் வந்த சகோதர சபையார் ரொம்ப காலமாக ஒளிந்து ஒளிந்து ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள். அங்கே இருக்க முடியாமல் எல்லை தாண்டி ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர் ஜின்சென்டார்ஃப் பிரபு. அப்போது அவருக்கு 22 வயசு. 1722 ஜூன் 17-ம் தேதி கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சர் முதல் மரத்தை வெட்டினார். ஊருக்கு வைத்த பேருக்கு 'கர்த்தரின் காவல்' என்று பொருள்.

பிரபுவுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் பையனாக இருந்தபோது படித்தது ஹாலே நகரத்தில், ஃபிராங்கேயின் பள்ளிக்கூடத்தில். நம்ம தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வந்தாரே, அந்த ஊழியத்துக்கு முதுகெலும்பாக இருந்த அதே ஹாலே. தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த பையன் என்று சொன்னால் தப்பில்லை.

சரி, ஊர் அமைந்தது. அஞ்சு வருஷத்துக்குள் சண்டையும் வந்தது! சுமார் 300 பேர். மொரேவியர், லூத்தரன், சீர்திருத்த சபையார், எந்தச் சபையும் வேண்டாம் என்பவர் எல்லாரும் ஒரே தெருவில். வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகம் வேறு யாரும் இல்லை, நம்ம பிரபுதான் என்று பிரசங்கம் பண்ணிய ஆளும் இருந்தார். சோறு போட்டவருக்குக் கிடைத்த மரியாதை. முதல் மரத்தை வெட்டிய கிறிஸ்டியான் டேவிட்கூட கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டார்.

பிரபு ட்ரெஸ்டன் அரசு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். 1727 மே 12-ல் எல்லாரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13-ம் தேதி பக்கத்து ஊர் பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் எல்லார் மனசும் உடைந்தது, அழுதார்கள், ஒப்புரவானார்கள். எழுப்புதல் கூட்டங்களில் ஹெர்ன்ஹட் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "அதே அக்கினி இன்றைக்கும் இறங்கட்டும்" என்று கையைத் தூக்கிவிடுவார்கள். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அழுகை எத்தனை நாள் தாங்கும்? நம்ம ஊர்க் கன்வென்ஷன் முடிந்த மறு வாரத்தை நினைத்துப் பாருங்கள்.

ரெண்டே வாரத்தில், ஆகஸ்ட் 27-ம் தேதி, ஆண்களில் 24 பேரும் பெண்களில் 24 பேரும் முன்வந்தார்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு, யாருக்கு எந்த மணி என்று சீட்டுப் போட்டுக்கொண்டார்கள். அவரவர் இருந்த இடத்தில் தன் ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும், அவ்வளவுதான். பலிபீடத்தின்மேல் அக்கினி அவியக்கூடாது என்று லேவியராகமம் சொல்கிறதே, அதுதான் அவர்கள் மனதில் இருந்தது. இந்தச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது என்பது மொரேவிய மரபு. இவர்கள் துறவிகள் கிடையாது. தச்சு, நெசவு என்று பகல் முழுக்க உழைத்தவர்கள். ஆளுக்கு ஒரு மணி என்பதால்தான் தாக்குப்பிடித்தது என்பது என் கணிப்பு. 24 மணியையும் ஒரு பரிசுத்தவான் தலையில் கட்டியிருந்தால் ஒரு மாசத்தில் படுத்திருப்பார்.

அடுத்தது வசனம். 1728 மே 3-ம் தேதி சாயங்காலப் பாட்டு ஆராதனையில் பிரபு மறுநாளைக்கென்று ஒரு வரி கொடுத்தார். (முதல் நாள் கொடுத்தது வேத வசனம்கூட இல்லை, ஒரு ஞானப்பாட்டின் வரி.) தினமும் ஒரு சகோதரர் அதை எடுத்துக்கொண்டு ஊரில் இருந்த 32 வீடுகளுக்கும் போய்ச் சொல்வார். ஜெர்மனில் இதற்குப் பேர் 'லோசுங்'. ராணுவ முகாமில் இருட்டில் வருகிறவனைப் பார்த்து காவல்காரன் கேட்பானே, ரகசிய அடையாளச் சொல், அதுதான் அர்த்தம். அன்றைக்கு மரம் அறுக்கிறவன், பால் கறக்கிறவள், நேற்றுவரை முகம் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரன், எல்லார் வாயிலும் ஒரே சொல். வாசலுக்கு வந்து வசனம் சொல்கிற மனுஷனிடம் கோபத்தை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

1731-ம் வருஷத்துக்கு அதைப் புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள். அன்று முதல் ஒரு வருஷமும் விடுபடவில்லை. இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது.

வசனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சீட்டுதான். பழைய ஏற்பாட்டிலிருந்து சுமார் 1,800 வசனங்களை எண் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண்ணை எடுப்பார்கள். அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் யோசித்துச் சேர்ப்பார்கள்.

"இது கிளி ஜோசியம் இல்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மொரேவியர் சீட்டை எதற்கெல்லாமோ பயன்படுத்தினார்கள், கல்யாணத்துக்குக்கூட! பிற்பாடு கைவிட்டார்கள். 1732-ல் லியோன்ஹார்ட் டோபர் கரீபியனில் உள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் ஊழியத்துக்குப் புறப்பட்டதும் சீட்டில் வந்த வார்த்தையை நம்பித்தான். அதே தீவில் பிற்பாடு அந்த ஊழியமே தோட்டம் வாங்கி அடிமைகளை வைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்லணும். தினமும் வசனம் படித்தவர்கள்தான். வசனம் காலையில் வீட்டு வாசல் வரைக்கும் வரும், உள்ளே விடுவது நம்ம கையில்.

ஆனால் தினசரி வசனத்துக்குப் போட்ட சீட்டில் ஒரு நல்லது இருந்தது. எனக்குப் பிடித்ததை நான் எடுக்க முடியாது. ஆறுதல் வேண்டிய நாளில் கண்டிப்பு வரலாம், ஆணவத்தோடு எழுந்த நாளில் புழுதியை நினைப்பூட்டலாம். அதுவும் எனக்கு மட்டும் இல்லை, ஊருக்கே வரும். நம்ம அட்டையில் இந்த ரெண்டுமே இல்லை: இனிப்பை மட்டும் பொறுக்கி வைத்து, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம்.

1736 ஜனவரியில் அட்லாண்டிக் புயலில் கப்பல் ஆடியபோது பயப்படாமல் பாடிக்கொண்டிருந்த மொரேவியரைப் பார்த்து ஜான் வெஸ்லி அசந்துபோன கதை பலருக்குத் தெரியும். 1738-ல் அவர் ஹெர்ன்ஹட்டுக்கே போய்ப் பார்த்தார். 1760-ல் இந்தச் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் குடியிருந்த இடத்துக்கு 'சகோதரர் தோட்டம்' என்று பேர். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனவர்கள் பலர் காய்ச்சலில் செத்தார்கள். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய சோகம்.

இந்தப் புத்தகத்தை உயிரோடு படித்தவர் என்று எனக்குத் தோன்றுகிற ஆள் டீட்ரிக் போன்ஹோஃபர். 1935 முதல் 1937 வரை ஃபின்கன்வால்டேயில் இளம் போதகர்களுக்கான பயிற்சி இல்லத்தை நடத்தினார். காலையில் அரை மணி நேரம் ஒரு சின்ன வேதப்பகுதியை வைத்துக்கொண்டு பேசாமல் தியானம். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். தூக்கம் வருது, மனசு எங்கோ போகுது, என்ன பண்றதுன்னே தெரியலை. (நம்ம கேஸ்தான்!) அவர் விடவில்லை. இன்னொன்றும் கறாராகச் சொன்னார்: அன்றாட வசனம் வேண்டும்தான், ஆனால் அதையே வேதாகமம் என்று நினைத்துவிடாதே, முழுசாக வரிசையாகப் படி.

1939 ஜூனில் அவர் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார். நண்பர்கள் வேலைக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். திரும்பிப் போவதா, இருப்பதா என்ற குழப்பத்தில் எழுதிய நாட்குறிப்பில் அன்றன்றைய லோசுங் வசனங்களும் வருகின்றன. வசனம் வந்தது, அதனால் கப்பல் ஏறினார் என்று கதை கட்டக்கூடாது. முடிவு அவர் மனசில் முன்பே விழுந்துவிட்டது. ஆனால் அந்த வசனங்கள் அவரை நிம்மதியாக அங்கே உட்கார விடவில்லை. ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பினார்.

1944 ஜூலை 20-ம் தேதி ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. மறுநாள் டேகல் சிறையிலிருந்து நண்பர் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், நேற்றைய வசனங்களும் இன்றைய வசனங்களும் எவ்வளவு அழகு என்று குறிப்பிடுகிறார். ஒன்று ரதங்களையும் குதிரைகளையும் நம்புகிறவர்களைப் பற்றிய 20-ம் சங்கீதம், மறுநாளுக்கு மேய்ப்பனைப் பற்றிய 23-ம் சங்கீதம். அந்தத் தேதிகளுக்கு அந்த எண்களை எடுத்த கைக்கு இப்படி ஒரு நாள் வரப்போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 1945 ஏப்ரல் 9-ல் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள்.

அதற்கு ஒரு மாசம் கழித்து, போர் முடிந்த நாட்களில், ஹெர்ன்ஹட்டின் நடுப்பகுதியும் அதன் ஆலயமும் எரிந்துபோயின. திரும்பக் கட்டினார்கள். 2024-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வசனத்துக்குச் சீட்டு எடுப்பது இப்போதும் வருஷா வருஷம் அங்கேதான், மூன்று வருஷம் முன்கூட்டியே.