13 (பிளாக் சபாத் ஆல்பம்)

பர்மிங்காமில் 1968-இல் உருவான பிளாக் சபாத் குழு 2013 ஜூனில் வெளியிட்ட கடைசி ஸ்டுடியோ ஆல்பம். 1978-க்குப் பின் ஓஸி ஆஸ்போர்ன் இக்குழுவுடன் பாடிய முதல் முழு ஸ்டுடியோ ஆல்பமும் இதுவே. தயாரிப்பு ரிக் ரூபின். ஒப்பந்தப் பிணக்கால் டிரம்ஸ் கலைஞர் பில் வார்டு விலகினார்; அவருக்குப் பதிலாக பிராட் வில்க் வாசித்தார். கிதார் கலைஞர் டோனி அயோமி, 2012-இல் கண்டறியப்பட்ட நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபடியே பணியாற்றினார்.

1970-இன் ‘பாரனாய்ட்’ ஆல்பத்துக்குப் பின் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மீண்டும் முதலிடம், அமெரிக்காவில் முதன்முறையாக முதலிடம், ‘காட் இஸ் டெட்?’ பாடலுக்கு 2014-இல் கிராமி விருது என வெற்றி பெரிதாக இருந்தது. ஆனால், விற்பனை பழைய பாசத்தின் விளைவாகவும் இருக்கலாம். அதைக் கொண்டு தரத்தை நிறுவ முடியாது. விமர்சகர்களில் பலர் வரவேற்றாலும், சிலர் இதைச் சுயநகல் என்றனர். தொடக்கப் பாடல் குழுவின் பெயரையே கொண்ட பழைய பாடலையும், ‘சைட்கைஸ்ட்’ பாடல் குழுவின் பழைய ‘பிளானட் கேரவன்’ பாடலையும் நினைவூட்டுவது உண்மைதான். எனினும் முதல் ஆல்பம் மழை, இடி, மணியோசையுடன் தொடங்கியது. இந்த ஆல்பம் அதே ஒலிகளுடன் முடிகிறது. ஆகவே இது கற்பனை வறட்சியால் நேர்ந்த நகலன்று, திட்டமிட்டு வட்டத்தை நிறைவு செய்யும் முயற்சி. இக்குழுவினர் இளமையில் கற்பனையாகப் பாடிய மரணத்தை, அதன் அருகே நின்று பாடும்போது அதே மெதுவான கிதார் ரிஃப் வேறு கனம் பெறுகிறது. ஒலியளவை மிகையாக உயர்த்தி நுட்பங்களை நசுக்கியது, வார்டின் ஜாஸ் சாயல் கொண்ட துள்ளல் இல்லாதது ஆகிய குறைகளுக்கு இவ்விளக்கம் பொருந்தாது. அவை மெய்யான இழப்புகள்.