எழுத்து மறைந்த பக்கங்கள்

மும்பை திலக் நகர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே லோகமான்ய திலக் முனையம் இருக்கிறது. தமிழகத்துக்கு வண்டியேறும் நம்மவரை அங்கு என்றும் காணலாம். அந்த வண்டிகளையும் முந்திக்கொண்டு ஊர்ச் செய்தி நம்மை வந்தடைந்த அதிசயம் 1990களின் இறுதியில் நிகழ்ந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் இணையத்தில் ஏறின. சைபர் கஃபேக்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் படித்தோம். வேண்டிய பக்கங்களைச் சேமித்தும் வைத்தோம். இன்று அவற்றைத் திறந்தால், தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துக்களே அணிவகுத்து நிற்கின்றன. தமிழ் எங்கே போயிற்று?

யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது. ஆயினும் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு அந்தத் திறன் விண்டோஸ் 2000 வந்தபோதுதான் வாய்த்தது. அதுவரை பொறுத்திருக்க இயலாத பத்திரிகைகள் ஓர் உபாயம் செய்தன. ஐரோப்பிய எழுத்துக்களுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி, பலவும் தத்தமக்கென எழுத்துரு வகுத்துக்கொண்டன. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகள் பிறந்தன. பழைய பழக்கமோ எளிதில் விடவில்லை.

படிப்பவரிடம் அந்த எழுத்துரு இராதே? அதற்காகவே பக்கத்துடன் தானும் வந்திறங்கும் இயங்கு எழுத்துரு தோன்றியது. பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் முறையை 1997-இல் வந்த நெட்ஸ்கேப் 4 தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் அதற்கென ஓர் ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரல் வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு வேறொரு முறையையும் வைத்திருந்தது. பின்னர் ஒவ்வொரு கதவாக அடைபட்டது. 2000-இல் நெட்ஸ்கேப் 6 ட்ரூடாக்கைக் கைவிட்டது. 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு ஆக்டிவ்எக்ஸை வாசலிலேயே மறித்தது. பாதுகாப்பை நோக்க அது நியாயமே. 2022 ஜூன் 15-இல் எக்ஸ்ப்ளோரரே ஓய்வு பெற்றது.

2020 டிசம்பர் 31-இல் ஆதரவு இழந்த ஃப்ளாஷுக்கு ரஃபிள் போன்ற மாற்று இயக்கிகள் தேவைப்பட்டன. நம் பக்கங்களுக்கோ செருகுநிரலை உயிர்ப்பிக்க வேண்டியதில்லை. எண்கள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தின் மூலத்தைத் திறந்து, எழுத்துருவின் பெயரைக் கண்டு, எந்த எண் எந்த எழுத்து என்று அட்டவணை இட்டால் போதும் என்றே நாமும் எண்ணினோம்.

சிக்கல் அதன் பிறகே தொடங்கியது. ‘கொ’ என்பதைப் பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்தன: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடு ககரத்தை முதலில் வைத்து, கொம்பையும் காலையும் ஒரே குறியாகப் பின்னே சேர்க்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்தாலும் ஔகாரம் எஞ்சுகிறது. அதன் வலப்பாதிக்குப் பல எழுத்துருக்கள் ளகரத்தையே இரவல் வாங்கின. ஆகவே ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என மாறிவிடுகிறது. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. பெயரைத் தேடினாலோ அகப்படாது. சேமித்த மரண அறிவிப்பு ஒன்றில் இப்படித்தான் ஏமாந்தோம். கண்மூடித் திருத்தினால் ‘வெளி’யும் ‘வெள்ளம்’உம் கெட்டுப்போகும். ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அதை விட்டுவிட வேண்டும். வேறொன்றும் வராவிடில் அது பெரும்பாலும் ஔகாரமே. கௌதாரியும் வௌவாலும் இவ்விதியால் பிழைத்தன.

இன்னும் ஒரு குறுந்தகடு மீதமிருக்கிறது. அதிலுள்ள பக்கங்களில் எழுத்துருவின் பெயரே காணோம். நல்லவேளையாக இலக்கங்கள் மாறாமல் இருக்கின்றன. தேதியின் அருகே நிற்பது மாதத்தின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டு, ஓரோர் எழுத்தாக அட்டவணையை நிரப்பி வருகிறோம். இதுவரை பன்னிரண்டில் ஏழு மாதங்கள் படிந்துவிட்டன.